குறிநோக்கியை அரை மில்லி உயர்த்திய வரலாறு

உலகத்தில் துப்பாக்கி தூக்கிய அரசாங்கங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஒரு கண்ணாடிக் குழாயின் பின்பக்கத்தை அரை மில்லிமீட்டர் தூக்குவதற்காகப் பதினோரு மாதம் அயராது உழைத்த அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அது தேனியில் இருக்கிறது. அதில் உதவியாளராக நான் இருக்கிறேன். பெயர் முத்துக்குமரன். பிற்காலத்தில் யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் 'காட்டுப்பன்றி ஒழுங்குமுறைப் பிரிவு'. ஒழுங்குமுறை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பன்றியை விரட்டுவது எங்கள் வேலையல்ல. பிரிவு அலுவலர் சுரேஷ்கண்ணன் சார் பொறுப்பேற்ற முதல் நாளே இதைத் தெளிவுபடுத்திவிட்டார்.

"விரட்டுனா ஓடிரும் முத்துக்குமரன். ஓடிட்டா இத்தனை கோப்பையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது? ஒழுங்குபடுத்தணும்."

அவ்வளவு ஆழமாக யோசிக்கிறவர் அவர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் மூன்று மணி வரைக்கும் யோசிப்பார்.

எங்கள் பிரிவிடம் ஒரு ஜீப், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு துப்பாக்கி, அந்தத் துப்பாக்கியைச் சுடுவதற்கு ஒரு மனிதர் ஆகியவை உள்ளன. மனிதரின் பெயர் வேல்பாண்டி. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவர். எங்களிடம் அவருடைய பதவி 'அங்கீகரிக்கப்பட்ட சுடுநர்'. துப்பாக்கியின் மேல் ஒரு குறிநோக்கி பொருத்தப்பட்டிருக்கிறது. ஊரார் அதை ஸ்கோப் என்பார்கள். தூரத்தில் இருக்கும் பன்றியை மனு கொடுக்க வந்தவர் மாதிரி பக்கத்தில் கொண்டுவந்து காட்டும்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜையை முன்னின்று நடத்தியவன் நான். அதைப் பற்றி நானே புகழ்ந்து சொல்வது அழகல்ல என்பதால் சுருக்கமாகப் புகழ்கிறேன். வாசலில் கட்டுவதற்கு இரண்டு வாழைமரங்கள் மனுதாரர் ஒருவரிடமிருந்து வந்தன. நாங்கள் கேட்டு வாங்குவதில்லை. மனு நிலுவையில் இருப்பவர்களுக்குப் பூஜை வருகிறது என்று நினைவூட்டுவோம், அவ்வளவுதான். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாக நானே குழைத்தேன். ஜீப்புக்கு வைத்தேன். ஸ்டேப்ளருக்கு வைத்தேன். ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அது காய்ந்து ஒட்டிக்கொண்டதில் அன்று முதல் எங்கள் அலுவலகத்தின் எல்லா நகல்களிலும் வலது மேல் மூலையில் ஒரு கறுப்பு வட்டம் விழுகிறது. பொதுமக்கள் அதைத் துறையின் முத்திரை என்று நம்புகிறார்கள். அது இல்லாத நகலை வாங்க மறுத்தவர்களும் உண்டு.

துப்பாக்கிக்குச் சிறப்பு மரியாதை செய்தேன். குறிநோக்கியை அதைப் பிடித்திருக்கும் வளையங்களோடு கழற்றி, துப்பாக்கியின் முதுகில் அது உட்காரும் தண்டவாளத்தில் முன்பக்கமாக ஒரு பெரிய சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, அதன் மேலேயே திரும்பவும் வைத்துத் திருகினேன். பிறகு யாரும் கை வைக்காதபடி அடித் திருகுகளின் தலையில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். பொட்டு வெளியே தெரியாது. தெரியும்படி வைத்தால் அது விளம்பரம். தெரியாமல் வைத்தால்தான் பக்தி.

பூஜை முடிந்து ஒரு வாரத்தில் ராமுத்தாய் வந்தார்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலைப் பக்கம் அவருக்கு ஓர் ஏக்கர் நிலம். அதில் அறுநூறு செவ்வாழை நட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி. தனியாகவே பாடுபடுகிறவர். மனு எழுதத் தெரியாது. ஆனால் பேசத் தெரியும். அரசு அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு இருக்கக் கூடாத திறமை அது.

"தம்பி, ராத்திரி வந்த பன்னி முப்பது கன்ன கெழங்கோட புடுங்கித் தின்னுருச்சு. இப்படியே போனா தை பொறக்கையில எனக்கு வெறும் மண்ணுதான் மிச்சம். எதுத்தாப்ல மலை. வேலி போட்டா வேலியையும் சாய்க்குது. இங்கன துப்பாக்கி இருக்குன்னு சொன்னாக. வந்து அடிச்சுக் குடுங்க."

நான் அவருக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன். வலது மேல் மூலையில் வட்டத்தோடு.

எங்கள் பிரிவின் வேகத்தைப் பலர் அறிவதில்லை. இருபத்தாறே நாளில் வேல்பாண்டி அந்தத் தோட்டத்தில் இருந்தார். பொழுது சாயும் நேரம். வரப்பில் படுத்துக் காத்திருந்தார். நூறு மீட்டரில் ஒரு பன்றி வந்து நின்றது. பொறுமையான பன்றி. அவர் நெஞ்சுக்குக் குறிவைத்துச் சுட்டார். குண்டு பன்றியின் காலடி மண்ணில் போய்க் குத்தியது. பன்றி குனிந்து அந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்து போனது. நடவடிக்கைக் குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: 'துறையின் நடவடிக்கையைப் பன்றி கவனத்தில் எடுத்துக்கொண்டது.'

மறுநாள் காலை வேல்பாண்டி சாரின் அறையில் விறைப்பாக நின்றார்.

"ஒரு மொழம் கீழ போகுது சார். போன வருசம் ஒத்த ரூவாய நிப்பாட்டி அடிச்ச துப்பாக்கி. இப்ப குண்ட ஏத்தி எறக்குற எலிவேஷன் திருகும் இறுகிக் கெடக்கு. எங்கிட்டும் சுத்த மாட்டேங்கிது."

"ஏன்?"

"தெரியல சார். ஸ்கோப்ப அடியோட கழட்டித் தொடச்சு மாட்டிப் பாப்பமா?"

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. அது பூஜை போட்டுப் பொருத்திய பொருள். மேலும் அடித் திருகுகளில் அரக்கு முத்திரை இருக்கிறது. அதை உடைப்பதென்றால் மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். குழுவை அமைப்பதற்கு ஒரு குழு வேண்டும்.

"அப்ப ஒண்ணு செய்யிறேன் சார். ஒரு மொழம் மேல தூக்கிக் குறிவச்சு அடிச்சிருறேன். சரியா வந்து விழும்."

சார் கண்ணைத் திறந்தார்.

"வேல்பாண்டி, நமக்கு வந்த அனுமதி உத்தரவுல என்ன இருக்கு? 'பன்றியைக் குறிவைத்து.' நீங்க பன்னிக்கு மேல குறிவச்சா அது எதைக் குறிவச்சதா ஆகும்? அங்கன பன்னிக்கு மேல என்ன தெரியும்?"

"மலை சார்."

"என்ன மலை?"

"மேகமலை."

"காப்புக்காடு! ஒரு அரசு ஊழியர் அரசு துப்பாக்கியால காப்புக்காட்டைக் குறிவச்சிருக்கார்னு எவனாவது ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டா நான் என்னய்யா பதில் சொல்றது?"

வேல்பாண்டி பதினேழு வருடம் எல்லையில் நின்றவர். அப்போதுதான் அவர் முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

அன்று மாலையே 'குறிநோக்கி உயர்த்தும் துணைக்குழு' அமைக்கப்பட்டது. தலைவர் சார். உறுப்பினர் நான். சிறப்பு அழைப்பாளர் வேல்பாண்டி. துப்பாக்கி மேசை மேல் இருந்தது, வாக்குரிமை இல்லாமல்.

தேனி கடைவீதியில் வினோத்ராஜ் என்பவரின் கடை இருக்கிறது. நிலம் அளக்கும் கருவிகளும், ஏலக்காய்த் தோட்டக்காரர்களுக்குப் பைனாகுலரும் விற்கிறவர். கருவி என்றால் அவருக்குக் கை தானாகப் போகும். துணைக்குழு முழுவதும் ஜீப்பில் ஏறி அவர் கடைக்குப் போனது. நடந்தே போயிருக்கலாம், ஆனால் நடந்து போகிற குழுவை யார் மதிப்பார்கள்?

ஆனால் அரசுத் துப்பாக்கி என்பதால் வினோத்ராஜ் அதைத் தொடாமல், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டு அழிரப்பர்கள் மேல் படுக்க வைத்தார்.

"இதுதான் சார் ஸ்கோப்பு. முன்னால ஒரு வளையம், பின்னால ஒரு வளையம் பிடிச்சிருக்கு. வளையத்துக்குள்ள போடுறதுக்கு இன்சர்ட்னு ஒண்ணு வருது. ரெண்டு அரைவட்ட பிளாஸ்டிக்கு. ஒரு பாதி கனம், ஒரு பாதி மெல்லிசு. பின் வளையத்துல கனமான பாதியக் கீழ போட்டு, மெல்லிசா இருக்கிறத மேல போட்டா, ஸ்கோப்போட பின்பக்கம் அரை மில்லி எந்திரிக்கும். மூக்கு லேசாக் குனியும்."

"மூக்கு குனிஞ்சா குண்டு இன்னும் கீழல்ல போகும்?"

"இல்ல சார். குனிஞ்ச ஸ்கோப்ப நீங்க பன்னியப் பாத்து நிமித்துவீங்கல்ல? அப்ப அதோட சேந்து துப்பாக்கி மூக்கும் மேல எந்திரிக்கும். குண்டு ஒரு மொழம் மேல போகும். உங்களுக்குக் கொறையிற அதே ஒரு மொழம்."

சார் நீண்ட நேரம் யோசித்தார். கடையில் இருந்த மின்விசிறி நான்கைந்து முறை நின்று சுற்றியது.

"அதாவது, நம்ம பக்கம் உயருது. பன்னி பக்கம் தாழுது."

"அப்படியும் சொல்லலாம் சார்."

"அதான் முறை. அரசுத் தரப்பு உயரத்துலயும் எதிர்த்தரப்பு தாழ்விலயும் இருக்கிறதுதான் நிர்வாகம். முத்துக்குமரன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது வினோத்ராஜ் வாசல் வரைக்கும் வந்தார்.

"சார், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அடில அழுக்கு கிழுக்கு இருக்கான்னு பாத்துருங்க. முன்பக்கம் அரை மில்லிக்கு எதாவது ஒட்டியிருந்தாலே இப்படித்தான் காட்டும்."

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். "எங்க ஆபீஸ்ல அழுக்கு கிடையாதுங்க. நானே கையால பூஜை போட்டிருக்கேன்."

"அப்பச் சரி" என்றார் அவர். வியாபாரி வேறென்ன சொல்வார்.

கொள்முதல் தொடங்கியது. அரசுக் கோப்பில் 'இன்சர்ட்' என்று எழுத முடியாது என்பதால் அதற்கு 'சமன்செய் உட்செருகு அரைவளையம்' என்று பெயர் வைத்தேன். பெயர் வைக்க மட்டும் ஐந்து வாரம் ஆனது. பெயர் பொருளைவிட நீளமாக வந்ததில் சாருக்குப் பரம திருப்தி.

இதற்கிடையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ராமுத்தாய் வந்துகொண்டிருந்தார்.

"நானூத்தி எழுவது நிக்கிது தம்பி. பன்னிய எப்ப அடிப்பீக?"

"உங்க மனு பரிசீலனையில இருக்கு அக்கா."

"பன்னி பரிசீலன பண்ணலயே தம்பி. வந்த ஒடனே திங்கிது."

அதற்குள் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. வினோத்ராஜ் அனுப்பிய படத்தில், கனமான பாதியின் மேல் கூட்டல் குறியும் மெல்லிய பாதியின் மேல் கழித்தல் குறியும் பொறித்திருந்தன. சார் படத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கழித்தல் குறி போட்ட பொருளை அரசாங்கம் காசு குடுத்து வாங்கலாமா? வாங்குன நிமிஷமே நம்ம சொத்து குறையுது. தணிக்கைக்காரங்க வந்தா என்னைத்தான் கழிப்பாங்க. ரெண்டும் கூட்டலா அனுப்பச் சொல்லுங்க."

கடிதம் எழுதினேன். வினோத்ராஜ் நேரிலேயே ஓடி வந்தார்.

"சார், ரெண்டும் கனமாப் போட்டா வளையம் மூடாது. ஒண்ணு ஏறுனா ஒண்ணு எறங்கணும். ஜோடியாத்தான் வரும்."

"அப்ப இறங்குறதுக்கு வேற ஏதாவது குறி போட்டு வராதா? நட்சத்திரம் மாதிரி?"

"கம்பெனிக்காரன் போட்டு அனுப்புறது சார் அது."

இந்த ஒரு குறிக்காக மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் தீர்வு கண்டுபிடித்தவன் நான்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். கூட்டல் பாதியைப் பொருளாகவும், கழித்தல் பாதியை அந்தப் பொருளைச் சுற்றி வந்த 'பொதிபொருளாகவும்' பதிவு செய்தோம். சார் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

அந்தத் திங்கட்கிழமை ராமுத்தாயிடம் முந்நூற்றுப் பத்து மரங்கள் இருந்தன. துணைக்குழுக் குறிப்பில் இப்படிப் பதிந்தேன்: 'மனுதாரரின் மரங்களின் எண்ணிக்கை படிப்படியாக ஒழுங்குபடுத்தப்பட்டு வருகிறது.'

"அந்தப் பிளாஸ்டிக்கு எம்புட்டுப் பெருசு தம்பி?" என்று ஒருநாள் கேட்டார்.

என் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். "கனம் இவ்வளவுதான் அக்கா."

"இதுக்கா எட்டு மாசம்?"

"சின்ன விஷயம்னு நாங்க எதையும் விட்டுறதில்ல அக்கா."

அவர் என் நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னமனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருக்கு எங்கள் உழைப்பு புரிந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

புரட்டாசி பிறந்தபோது அரைவளையங்கள் வந்து சேர்ந்தன. தீப்பெட்டி அளவு பெட்டி. வெள்ளித்தட்டு ஒன்றை இரவல் வாங்கி அதில் வைத்து எடுத்து வந்தோம். வேல்பாண்டி வளையத்தின் மேல்மூடியை மட்டும் திறந்தார். அடித் திருகும் என் அரக்கும் அப்படியே இருந்தன. பின் வளையத்தில் கீழே கூட்டல், மேலே பொதிபொருள். குறிநோக்கி தன் இடத்தில் பதவிசாக உட்கார்ந்தது. ஜீப் ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிக்குப் போனது. நூறு மீட்டரில் அட்டை நட்டு, அதில் நானே ஒரு பன்றி வரைந்து, நெஞ்சில் வட்டம் போட்டிருந்தேன்.

முதல் குண்டு வட்டத்தின் நடுவில் பாய்ந்தது. இரண்டாவது அதன் மேலேயே பாய்ந்தது.

வேல்பாண்டி சிரித்தார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அட்டையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். அரை மில்லிமீட்டர்! எத்தனை கடிதம், எத்தனை கூட்டம், எத்தனை தேநீர்! உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ராமுத்தாய் ஓடி வந்தார்.

"சரியாப் போகுதாமே, வேல்பாண்டி சொன்னாரு! இன்னைக்கே வாங்க சார். ரெண்டு மரந்தான் நிக்கிது. குலை தள்ளியிருக்கு. ஒரு மாசமா நான் அங்கனயே கட்டிலப் போட்டு, தகரத்தத் தட்டித் தட்டிக் காப்பாத்தி வச்சிருக்கேன். அடில நாலு கன்னு வந்திருக்கு. அத வச்சுத்தான் மறுபடி தோட்டத்த உண்டாக்கணும். இதுவும் போச்சுன்னா நான் அத்தக்கூலிக்குத்தான் போகணும்."

சார் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"வர்றோம்மா. ஆனா புதுசாப் பொருள் பொருத்துன ஆயுதம். பூஜை போடாம வெளிய எடுத்தா நல்லாயிருக்காது. இன்னும் ஒன்பது நாள்ல ஆயுத பூஜை. மறுநாளே உங்க தோட்டம்தான்."

"ஒன்பது நாளா?"

"பூஜைன்னதும் நினைவுக்கு வருது" என்றேன் நான், வழக்கப்படி நினைவூட்டலாக. "வாசல்ல கட்ட ரெண்டு வாழைமரம் வேணும் அக்கா. குலை தள்ளுன மரமா இருந்தா விசேஷம்."

ராமுத்தாய் என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"அந்த ரெண்டத்தான் கேக்கிறீகளா?"

"கேக்கலம்மா" என்றார் சார். "நாங்க எப்பவும் கேக்கிறதில்ல. மரம் கட்டாம பூஜை இல்ல. பூஜை இல்லாம துப்பாக்கி வெளிய வராது. நடைமுறையைச் சொன்னேன். கிழங்கோட பெயர்த்துக் கொண்டாந்தா பத்து நாள் வாடாம நிக்கும். மேலிடத்துல இருந்து பார்வையிட வர்றாங்க."

"பன்னியும் கெழங்கோடதான் சார் பேக்குது."

"அது அனுமதியில்லாம பெயர்க்குது."

ராமுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடிச்சுப்புடுவீகல்ல சார்? அது போதும். பன்னி போச்சுன்னா எங்கனயாச்சும் கெஞ்சிக் கூத்தாடிக் கன்னு வாங்கி நட்டுக்கிருவேன். பன்னி இருந்தா, ஆயிரம் கன்னு இருந்தும் பிரயோசனமில்ல."

"அதான் குவாரியில பாத்தோமே! நடு நெஞ்சு!" என்றார் சார்.

பூஜைக்கு முதல்நாள் அந்த இரண்டு மரங்களும் எங்கள் ஜீப்பில் வந்து இறங்கின. கிழங்கோடு, பக்கக் கன்றுகளோடு, பச்சைக் குலையோடு. வாசலின் இரு பக்கமும் நிறுத்திக் கட்டினோம். அலுவலகம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பார்வையிட வந்தவர்கள் மரத்தின் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஆண்டுப் பூஜையில் நான் சென்ற ஆண்டைவிடக் கூடுதல் சிரத்தை காட்டினேன். பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு வைப்பது முறையல்ல. எனவே என் அரக்கை நானே சுரண்டி, குறிநோக்கியை வளையங்களோடு கழற்றி, தண்டவாளத்தில் சிமென்ட் போல இறுகிக் கிடந்த பழைய சந்தனத்தைப் பேனாக்கத்தியால் பெயர்த்து எடுத்தேன். நல்ல கனம், அரை மில்லி இருக்கும். மண்ணெண்ணெய் விட்டுப் பளபளவென்று துடைத்தேன். புதுப் பொட்டைத் துப்பாக்கியின் பின்னால் இருக்கும் மரக்கட்டையில் வைத்துவிட்டு, குறிநோக்கியைத் திரும்பவும் திருகினேன். சுரண்டிய சந்தனம் தெய்வப் பொருள் என்பதால் ஒரு காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாள் வேல்பாண்டி துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார்.

"அரக்கக் காணோமே. யாரு சார் கழட்டுனது?"

"கழட்டல. சுத்தம் பண்ணினேன்."

"அப்ப ஒரு ரவுண்டு குவாரியில அடிச்சுப் பாத்துட்டுப் போயிருவோம் சார்."

சோதனைக்கான தோட்டா ஒதுக்கீடு முடிந்துவிட்டதை எடுத்துச் சொன்னேன். ஜீப் கிளம்பியது.

ராமுத்தாயின் தோட்டத்தில் இப்போது மரமே இல்லை என்பதால் பார்வைக்கு எந்தத் தடையும் இல்லை. இந்த வசதி சென்ற ஆண்டு இல்லாதது. காவல் கட்டிலையும் தகரத்தையும் நடவடிக்கைக்கு இடையூறு என்று அப்புறப்படுத்தியிருந்தோம். பொழுது சாய்ந்தது. பன்றி வந்தது. நேரே அந்த இரண்டு மரங்கள் இருந்த குழிக்குப் போய், மிச்சமிருந்த வேரை மூக்கால் கிளறியது. நூறு மீட்டர். வேல்பாண்டி மூச்சை அடக்கினார். ராமுத்தாய் ஜீப்புக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்.

குண்டு பன்றிக்கு ஒரு முழம் மேலே போய்த் தூரத்துக் கரையில் புழுதி கிளப்பியது. பன்றி தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு ஓடியது. ராமுத்தாய் கையை இறக்கவில்லை. கூப்பிய கை அப்படியே நின்றது.

மறுநாள் துணைக்குழு அவசரமாகக் கூடியது. இந்த முறை உயரம் கூடுகிறது. எனவே முன் வளையத்துக்கும் இதேபோல அரைவளையம் ஒன்று வாங்கி முன்பக்கத்தையும் அரை மில்லி உயர்த்துவது என்று ஒருமனதாக முடிவானது. புதுக் கோப்புக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோது ராமுத்தாய் உள்ளே வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். அது அவர் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்த முதல் தடவை.

"போன வருசம் ஒரு மொழம் கீழ. குவாரியில சரியாப் போச்சு. இப்ப ஒரு மொழம் மேல. நடுவுல துப்பாக்கிய என்ன தம்பி செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யல அக்கா. பழைய சந்தனத்தச் சொரண்டினேன்."

"எங்கன இருந்த சந்தனம்?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் வாய் சொல்வதை என் காது முதல்முறையாகக் கேட்டது. வேல்பாண்டி மெதுவாக எழுந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். ராமுத்தாய் அந்தச் சந்தனச் சில்லை எடுத்து என் சுண்டுவிரல் நகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கனம்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. மறைப்பதற்கில்லை.

"அப்ப இத மொதல்லயே தொடச்சிருந்தா?"

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. அந்தப் பிளாஸ்டிக்க இப்ப எடுத்துட்டா?"

"எடுக்க முடியாதும்மா" என்றார் சார். "பொருத்தின பொருளைக் கழட்டணும்னா அது பயனற்றதுன்னு சான்று வேணும். பதினோரு மாசம் கஷ்டப்பட்டு வாங்குனத நாங்களே பயனற்றதுன்னு எப்படிச் சொல்றது? உங்களுக்கு நிவாரணத்துக்கு ஏற்பாடு பண்றோம். முத்துக்குமரன், படிவம் குடுங்க."

படிவத்தை நானே நிரப்பினேன். பெயர், ஊர், பயிர். 'சேதமடைந்த மரங்களின் எண்ணிக்கை': அறுநூறு. கடைசியாக ஒரு கட்டம். 'சேதம் விளைவித்த விலங்கின் பெயர்.' பன்றி என்று எழுதப் போனேன். ராமுத்தாய் கையை நீட்டித் தடுத்தார்.

"சரியா எழுது தம்பி. ஐநூத்தித் தொண்ணூத்தெட்டுக்குத்தான் பன்னி. வாசல்ல கட்டியிருக்கியே ரெண்டு, அதுக்கு எந்த வெலங்குன்னு நீயே எழுதிக்க."

எழுந்து வெளியே போனார். வாசலில் ஒரு நிமிடம் நின்று, வாடத் தொடங்கியிருந்த தன் குலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். கட்டம் சின்னது. சாருடைய பெயரையும் என் பெயரையும் பதவியோடு எழுத இடம் போதாது. அதனால் 'பன்றி – 598, இந்த அலுவலகம் – 2' என்று எழுதி நீட்டினேன். சார் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் பிரிவு இதுவரை வெளியிட்ட ஆவணங்களில் உண்மையானது அது ஒன்றுதான்.